சர்வர் ஏன் சத்தமின்றிச் சரிந்தது?

மாணவர்களே, பள்ளி இணையத்தளம் வழியாகக் கட்டுரைப் போட்டிக்கு அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். நண்பரின் சிறிய கட்டுரை போய்ச் சேர்கிறது. உங்கள் நீண்ட கட்டுரைக்கோ வெற்றுப் பக்கம்தான் வருகிறது. நாளை கடைசி நாள்! சர்வரை அணைத்து மீண்டும் இயக்கினால் போதுமா? போதாது. அதே கட்டுரை அதை மறுபடியும் சாய்த்துவிடும். காரணத்தைத் தேடுவோம்.

அப்பாச்சி என்னும் சர்வர் மென்பொருளுக்குள் பிஎச்பி நிரல்மொழியை ஒரு தொகுதியாகப் பொருத்தலாம். அப்போது இரண்டும் ஒரே நினைவகத்தில் சேர்ந்து இயங்கும். பிஎச்பி தடுக்கி விழுந்தால், அந்தக் கோரிக்கையைக் கவனித்த அப்பாச்சியின் பகுதியும் விழும்.

படி 1: பதிவேட்டைப் படியுங்கள். பிஎச்பியின் பிழைப் பதிவேடு காலியாக இருக்கிறது. எழுதுவதற்கு முன்பே அது நின்றுவிட்டது. அப்பாச்சியின் பதிவேட்டிலோ 'செக்மென்டேஷன் ஃபால்ட் 11' என்று இருக்கிறது. தொடக்கூடாத நினைவக இடத்தை நிரல் தொட்டதால், இயங்குதளம் அதை நிறுத்திவிட்டது என்பது இதன் பொருள்.

படி 2: கட்டுரையை இரண்டாக வெட்டித் தனித்தனியே அனுப்புங்கள். இரண்டு பாதிகளும் போய்ச் சேர்கின்றன. அப்படியானால் எழுத்துகளில் குற்றமில்லை. நீளத்தின் மீதே சந்தேகம்.

படி 3: சரிந்த கணத்தில் நினைவகத்தில் இருந்ததைக் கோப்பாகச் சேமித்து, ஜிடிபி என்னும் பிழைதேடும் கருவியில் திறங்கள். நிரலின் எந்தப் பகுதி எதை அழைத்தது என்ற பட்டியல் வரும். இங்கே ஒரே பெயர் ஆயிரக்கணக்கான முறை வருகிறது!

குற்றவாளி அகப்பட்டது. கட்டுரையைச் சோதிக்க பிஎச்பி பயன்படுத்தியது பிசிஆர்இ என்னும் உரைதேடும் நூலகம். அதன் பழைய பதிப்புகள், சில தேடல் வடிவங்களில், ஏறக்குறைய ஒவ்வோர் எழுத்துக்கும் தம்மையே மீண்டும் அழைத்தன. தட்டுமேல் தட்டு அடுக்குவதுபோல், ஒவ்வோர் அழைப்பும் 'ஸ்டேக்' என்னும் நினைவகப் பகுதியில் ஏறியது. லினக்ஸில் அதற்கு வழக்கமாக 8 மெகாபைட்தான் இடம். அது நிரம்பியதும் சர்வர் சரிந்தது.

தீர்வு? தேடல் வடிவத்தை எளிமையாக்கலாம். பிஎச்பி அனுமதிக்கும் அழைப்பு எல்லை வழக்கமாக 100,000. அதைக் குறைத்தால், சரிவதற்குப் பதிலாகத் தேடல் தோல்வி என்ற விடை கிடைக்கும். 2017இல் வெளிவந்த பிசிஆர்இ2 10.30 பதிப்பு இந்த அடுக்கும் முறையையே கைவிட்டது. 2018இல் வந்த பிஎச்பி 7.3, பிசிஆர்இ2க்கு மாறியது.

சிந்திக்க: படி 2இல் ஒரு பாதி மட்டும் சர்வரைச் சாய்த்திருந்தால், அடுத்து என்ன செய்வீர்கள்?