அடைமொழி போடும் முன் ஒரு நிமிடம்

வணிகப் பக்கத்துக்கோ சினிமாப் பக்கத்துக்கோ புதிதாக எழுத வந்திருக்கிறீர்களா? முதலில் கைவருவது கேலி அடைமொழிதான். 'தள்ளாடும்' நிறுவனம், 'வாய்ச்சவடால்' முதலாளி, 'மார்க்கெட் போன' நடிகை. ஒரே சொல்லில் தீர்ப்பு எழுதிவிடலாம், ஆதாரம் தேடும் வேலை மிச்சம். ஆபத்தும் அங்கேதான்.

நியூயார்க்கில் 1986-ல் தொடங்கிய கேலி இதழ் 'ஸ்பை'. கர்ட் ஆண்டர்சனும் கிரேடன் கார்ட்டரும் அதன் ஆசிரியர்கள். அன்று கட்டட அதிபராக இருந்த டொனால்ட் டிரம்ப்பைக் 'குட்டை விரல் பட்டிக்காட்டுப் பகட்டுக்காரர்' என்கிற பொருளில் திரும்பத் திரும்ப எழுதினார்கள். கேலி ஒட்டிக்கொண்டது. 2016 குடியரசுக் கட்சி விவாத மேடையில் தம் கை அளவுக்கு அவர் சமாதானம் சொல்ல வேண்டிவந்தது. ஆனால் விரலின் நீளத்திலிருந்து அவருடைய தொழிலைப் பற்றி வாசகருக்கு என்ன தெரிந்தது? ஒன்றுமில்லை.

அதே இதழ் 1990-ல் செய்ததைப் பாருங்கள். பெயருக்கு ஒரு கம்பெனி தொடங்கி, 58 பிரபலப் பணக்காரர்களுக்கு 1.11 டாலர் காசோலை அனுப்பியது, உங்களுக்குத் திருப்பித் தர வேண்டிய பணம் என்று சொல்லி. 26 பேர் மாற்றிக்கொண்டார்கள். அவர்களுக்கு அடுத்து 64 சென்ட். 13 பேர் மாற்றினார்கள். கடைசியாக 13 சென்ட். அதையும் விடாமல் வங்கியில் போட்டவர்கள் இருவர்: ஆயுத வியாபாரி அத்னான் கஷோகி, டிரம்ப். இதைப் படித்த பிறகு 'கஞ்சர்' என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நான் இளம் நிருபர்களுக்குச் சொல்வது இதைத்தான்: கேலி செய்ய ஆசையா, தகவலைத் தேடுங்கள். 'தள்ளாடும்' என்பதை அடித்துவிட்டு, எத்தனை காலாண்டு நஷ்டம், எத்தனை மாதச் சம்பளம் பாக்கி என்று எழுதுங்கள்.

சில கடுஞ்சொற்கள் ஆவணத்திலேயே இருக்கும். தொழிலதிபர் விஜய் மல்லையாவை 'தப்பியோடிய பொருளாதாரக் குற்றவாளி' என்று மும்பை சிறப்பு நீதிமன்றம் 2019 ஜனவரியில் அறிவித்தது, 2018-ல் வந்த சட்டப்படி. அந்த உத்தரவைச் சுட்டித் தாராளமாக எழுதலாம். உத்தரவு வரும்வரை அது நிருபரின் சொந்தச் சொல்தான்.

சினிமா எழுத்தில் எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. நான்கு வருடம் படமில்லாத நடிகர் 'இடைவெளிக்குப் பின் திரும்புகிறார்'. அதே நான்கு வருடத்துக்கு நடிகை 'மார்க்கெட் போனவர்'. இருவருக்கும் கடைசிப் படத்தின் பெயரையும் ஆண்டையும் போட்டால் போதும்.

'பெயர் போடவில்லையே' என்ற கிசுகிசுச் சமாதானமும் கைகொடுக்காது. வாசகர் ஆளை அடையாளம் கண்டுகொண்டால் வழக்கு வரும். இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவுப்படி, குத்தலாகச் சொன்னதும் அவதூறாகலாம். நிறுவனத்தைப் பற்றிச் சொன்னதும் அப்படியே. தண்டனை 2 ஆண்டு வரை சிறை.

அடுத்த கட்டுரையை டெஸ்க்குக்கு அனுப்பும் முன், அதிலுள்ள ஒவ்வொரு அடைமொழிக்கும் உங்கள் நோட்டில் ஆதாரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சம்பந்தப்பட்டவருக்கு போன் போட்டு அந்தத் தகவலைச் சொல்லி, அவர் பதிலையும் சேர்த்து அனுப்புங்கள்.