பெற்றோர் குடும்பம் இல்லையா?

கேள்வி: கொரோனா காலத்தில் மெல்போர்னில் மகளுக்குத் தலைப்பிரசவம். விசா இருந்தும் எங்களை விடவில்லை. இங்கே மாட்டிக்கொண்ட மருமகன் மட்டும் போக முடிந்தது எப்படி?
– வாசகி, திருச்சி

பதில்: 2020 மார்ச் 20 இரவு முதல் ஆஸ்திரேலியா தன் குடிமக்கள், நிரந்தரவாசிகள், அவர்களுடைய நெருங்கிய குடும்பத்தினர் தவிர மற்ற பெரும்பாலோருக்குக் கதவடைத்தது. நெருங்கிய குடும்பம் என்று அவர்கள் ஏற்றது வாழ்க்கைத்துணையையும் சார்ந்திருக்கும் பிள்ளைகளையும்தான். கணவர் என்பதால் மருமகன் போக முடிந்தது; வளர்ந்த மகளின் அம்மா அந்தப் பட்டியலில் இல்லை. விசா இருந்தாலும் தனி விலக்கு வாங்க வேண்டியிருந்தது. அது எளிதில் கிடைக்கவில்லை. நோயைத் தடுக்க எல்லையை மூடியது சரி. ஆனால் பேறுகாலத்தில் தாயை அந்நியராக நிறுத்தியது அநியாயம் என்றே சொல்வேன்.

2021 நவம்பர் 1 முதல்தான் பெற்றோரையும் சேர்த்தார்கள். அப்போது தடுப்பூசிச் சான்று வேண்டியிருந்தது, உறவை நிரூபிக்க மகளின் பிறப்புச் சான்றிதழும் வேண்டியிருந்தது. அதில் அப்பா பெயர் இனிஷியலோடு இருக்கும்; பாஸ்போர்ட்டிலோ விரித்து எழுதியிருக்கும். நம்மவர்கள் திண்டாடியது இங்கேதான். கோவேக்சின் தடுப்பூசியை அவர்கள் ஏற்றதும் அதே நவம்பர் 1-இல்தான்.

2022 ஜூலை 6 முதல் தடுப்பூசிச் சான்றும் தேவையில்லை. இப்போது வழக்கமான பார்வையாளர் விசா போதும். தாராளமாகப் போய் பேரப்பிள்ளையைப் பார்த்துவிட்டு வாருங்கள்.