மரத்தூள் பலகையும் புளியங்கொட்டைப் பசையும்

பம்மல், பல்லாவரம் பகுதித் தச்சுப் பட்டறைகளில் எஞ்சும் மரத்தூள் பெரும்பாலும் அடுப்புக்கோ குப்பைக்கோ போய்ச் சேருகிறது. 2021ஆம் ஆண்டில் பம்மல் தாம்பரம் மாநகராட்சியுடன் இணைந்துவிட்டது. ஆயினும் சுற்றுப்புற ஊராட்சிகளும் இத்தூளைப் பலகையாக்கி விற்பது குறித்து ஆராயலாம். இயந்திரம் வாங்குமுன் பசையைப் பற்றி அறிதல் நலம்.

ஆலைகள் துகள் பலகைக்குப் பெரிதும் யூரியா பார்மால்டிஹைடு பசையையே பயன்படுத்துகின்றன. பார்மால்டிஹைடு ஆவி கண்ணை உறுத்தும். புற்றுநோய் விளைவிப்பது என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் ஆராய்ச்சி முகமை 2004இல் வகைப்படுத்தியது. ஆகவே தாவரப் பசை நாடப்படுகிறது. விஜயவாடாவுக்கு அருகிலுள்ள கொண்டபள்ளியில் பொம்மை செய்வோர், மரத்தூளைப் புளியங்கொட்டைப் பசையுடன் பிசைந்து உறுப்புகளை ஒட்டுவது நெடுநாளைய வழக்கம்.

கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, மாவாக்கி, நீரில் கலக்கிக் காய்ச்சினால் பசை கிடைக்கும். உலர்ந்த மரத்தூள் பத்துப் பங்குக்கு மாவு ஒரு பங்கு என்று தொடங்கலாம். இழைப்புச் சுருளையும் சேர்த்தால் பலகை எளிதில் முறியாது. கலவை பிசுபிசுத்தால் போதும். நீர் மிகுந்தால், சூடாக அழுத்தும்போது உள்ளே அடைபட்ட நீராவி, அச்சைத் திறந்ததும் பலகையைப் பிளந்துவிடும். பூஞ்சையைத் தடுக்கச் சிறிது மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சு, குழந்தைகளிடமிருந்து விலக்கி வைக்க வேண்டும்.

அழுத்தமே பெரிய தடை. சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 25 கிலோ வேண்டும். ஒரு சதுர மீட்டர் பலகைக்கு அது 250 டன் ஆகும்! கைத்திருகு அழுத்தியால் இது ஆகாது. ஒரு சாண் சதுரத்துக்கோ 13 டன் போதும். உறுதியான இரும்புச் சட்டத்தில் பொருத்திய 20 டன் லாரி ஜாக்கியே அதைத் தரும். ஆதலால் சிறு பலகையில் தொடங்குவதே விவேகம்.

மற்றொரு குறை, நீர். மாவுப் பசை ஈரத்தில் இளகும். தென்னாப்பிரிக்காவில் 1970களில் வேட்டல் பட்டைச் சாற்றால் ஈரம் தாங்கும் பலகை செய்தனர்; நம் தோல் பதனிடுவோர் நன்கறிந்த பட்டைதான் அது. ஆனால் அதனை இறுகச் செய்யவும் பார்மால்டிஹைடே சேர்க்கப்பட்டது.

எனவே புளியங்கொட்டைப் பலகை படச்சட்டத்தின் பின்புறத்துக்கும், சிறு பெட்டிக்கும், அறிவிப்புப் பலகைக்கும் ஏற்றது. சமையலறைக்கும் வெளிக்கதவுக்கும் ஆகாது. மாதிரித் துண்டின் கனத்தை அளந்து, இரண்டு மணி நேரம் நீரில் ஊறவைத்து, மீண்டும் அளந்து பாருங்கள். பெரிதும் உப்பினாலோ உதிர்ந்தாலோ, வாங்குவோரிடம் அதனை மறைக்காமல் கூறியே விற்க வேண்டும்.