ரெட்ரோ கேம் பெட்டிக்கு ஒரு பவர் பட்டன்: 10 குறிப்புகள்

ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவு கம்ப்யூட்டரில் 'ரெட்ரோபை' மென்பொருளைப் போட்டால், மாரியோ, கான்ட்ரா மாதிரியான பழைய கேம்களை டிவியில் ஆடலாம். ஆனால், அதன் பெரும்பாலான மாடல்களில் ஆன்-ஆஃப் பட்டன் கிடையாது. ஆடி முடித்ததும் பிள்ளைகள் சுவர் சுவிட்சைத் தட்டிவிடுவார்கள். அந்த நேரம் மெமரி கார்டில் ஏதாவது பதிவாகிக்கொண்டிருந்தால் கார்டு கெட்டுப்போகலாம். இரண்டு வயரும் ஒரு பட்டனும் போதும், இதைத் தவிர்க்க.

1. முதலில் மாடலைப் பாருங்கள். 2023-ல் வந்த ராஸ்பெரி பை 5-ல் பவர் பட்டன் இருக்கிறது. 3, 4, ஜீரோ வைத்திருப்பவர்களுக்கே இந்த வேலை. ஜீரோ வாங்கும்போது பின்கள் பற்றவைத்து வருவதாகக் கேட்டு வாங்கினால் சால்டரிங் வேலை மிச்சம்.

2. அமுக்கும்போது மட்டும் இணைந்து, கையை எடுத்ததும் விடுபடும் பட்டன்தான் வேண்டும். காலிங் பெல் சுவிட்ச் இந்த வகை. லைட் சுவிட்ச் ஆகாது. கரண்ட் ஓடும் சுவிட்ச் பெட்டியில் இதைச் சேர்க்கவே கூடாது.

3. நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் இருப்பவர்கள் லாரி, ரிக் வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் சாமான் விற்கும் கடைகளில் ஹாரன் பட்டன் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் எவ்வளவு குத்தினாலும் தாங்கும். சில பட்டன்களில் ஒரே முனைதான் இருக்கும். மற்றது வண்டி பாடி வழியாக எர்த் ஆகும். அது வேண்டாம், இரண்டு முனை உள்ளதாக, புதிதாக வாங்குங்கள்.

4. கேம் மெஷின்களில் வரும் ஆர்கேட் பட்டனின் மைக்ரோசுவிட்சில் மூன்று முனைகள் இருந்தால் 'காம்', 'என்.ஓ.' என்று குறித்த இரண்டையும் எடுங்கள். நாலு கால் குட்டி சுவிட்ச் என்றால் குறுக்கு மூலையில் உள்ள இரு கால்கள். மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்துப் பாருங்கள். அமுக்கினால் மட்டும் சத்தம் வர வேண்டும்.

5. மெமரி கார்டு பக்கமுள்ள மூலையிலிருந்து பின்களை எண்ணுங்கள். போர்டின் ஓரத்து வரிசை 2, 4, 6; உள்வரிசை 1, 3, 5. நமக்கு வேண்டியது இரு வரிசையிலும் மூன்றாவதாக உள்ள 5, 6. ஐந்தாவது பின்னுக்கு 'ஜிபிஐஓ 3' என்று பெயர். அதை மூன்றாவது பின் என்று நினைத்துவிடாதீர்கள். 6 என்பது கிரவுண்ட்.

6. வயர் மாட்டும்போது பவரைக் கழற்றிவிடுங்கள். பக்கத்திலுள்ள 2, 4 இரண்டும் 5 வோல்ட். மற்ற பின்கள் தாங்குவது 3.3 வோல்ட்தான். ஒரு பின் தள்ளி மாட்டினாலும் போர்டு போய்விடலாம்.

7. ஒரு முனையில் துளையுள்ள ஜம்பர் வயர் பின்னில் கச்சிதமாக உட்காரும். நீளம் போதாவிட்டால், பழைய லேன் கேபிளிலிருந்து முறுக்கிய ஒரு ஜோடியை உருவி இணைத்து, மூட்டுக்கு ஸ்லீவ் போடுங்கள். பட்டனில் எந்த வயர் எந்தப் பக்கம் என்ற கணக்கில்லை.

8. கார்டின் பூட் பகுதியிலுள்ள 'கான்ஃபிக்' ஃபைலின் கடைசியில் 'டிடிஓவர்லே=ஜிபிஐஓ-ஷட்டவுன்' என்ற வரியை ஆங்கிலச் சின்ன எழுத்துகளில், இடைவெளி விடாமல் சேர்த்து, ரீஸ்டார்ட் செய்யுங்கள். ஓடும்போது அமுக்கினால் முறைப்படி அணையும். அணைந்தபின் அமுக்கினால் திரும்ப எழும். ஐ2சி வசதி ஆன் ஆகியிருந்தால் அணைத்துவிடுங்கள். அதுவும் இதே பின்னைத்தான் கேட்கும்.

9. ஆட்டத்தைச் சேமித்து, ஸ்டார்ட், செலக்ட் இரண்டையும் சேர்த்து அமுக்கி வெளியே வந்தபிறகே பட்டனைத் தொடுங்கள். பச்சை விளக்கு சிமிட்டி அணைந்ததும் சுவர் சுவிட்சை நிறுத்தலாம். 3, 4 மாடல்களில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும்.

10. தகரப் பெட்டியில் வைத்தால் போர்டுக்கு அடியில் பிளாஸ்டிக் ஸ்பேசர் போடுங்கள். இல்லாவிட்டால் ஷார்ட் ஆகும். சிப் 80 டிகிரியைத் தொட்டால் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். சேலத்துச் சித்திரை வெயிலில் மூடிய பெட்டி ஆகாது. காற்றுத் துளையும் ஹீட்சிங்க்கும் அவசியம்.

திடீர் மின்வெட்டுக்கு எந்தப் பட்டனாலும் பதில் சொல்ல முடியாது. அதனால் எல்லாம் சரியாக ஓடும் நாளிலேயே கார்டை இன்னொரு கார்டில் முழுப் பிரதி எடுத்து வைத்துவிடுங்கள்.