குடும்ப நலப் பாடம்: அடம் பிடிக்கும் குழந்தை



பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் உள்ள தாய்மாருக்கான ஒரு பாடத்தை இவ்விதழில் தருகிறோம். உங்கள் வீட்டில் ஒன்று முதல் நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையோ பேரப்பிள்ளையோ இருந்தால், இது உங்களுக்கும் உதவும்.

குப்பத்தில் ஒரு காலை

சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. இருட்டோடு ஆண்கள் வலைக்குப் போய்விடுவார்கள். பெண்களில் சிலர் தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் பிடிப்பார்கள். சிலர் மீன் கூடையோடு விற்கப் போவார்கள். குழந்தை ஆயாவிடம் இருக்கும். அம்மா திரும்பி வரும்போது அவளுக்குக் களைப்பு. குழந்தைக்கோ பசியும் தூக்கமும். அந்த நேரத்தில் கடையில் தொங்கும் தின்பண்டச் சரம் கண்ணில் பட்டால் போதும், குழந்தை மணலில் விழுந்து புரளும். "நாலு போடு" என்பார் ஒருவர். "வாங்கிக் கொடுத்துவிடேன்" என்பார் இன்னொருவர். தாய் நடுவில் நின்று தவிப்பாள்.

ஏன் இந்த அடம்?

இது பேயுமல்ல, கண்ணேறுமல்ல, வளர்ப்பின் குற்றமுமல்ல. இந்த வயதில் ஆசை பெரிது. அதைச் சொல்லும் சொற்கள் கொஞ்சம். ஆசையை அடக்கும் மூளைப் பகுதி நெற்றிக்குப் பின்னால் உள்ளது. அது முழுவதும் முதிர இருபது வயதும் தாண்டும். அடம் ஒரு வயதுக்குப் பின் தொடங்கி, இரண்டு மூன்று வயதில் உச்சத்தை அடைந்து, பேச்சு வளர வளரக் குறையும். பெரும்பாலும் ஐந்து நிமிடத்துக்குள் தானே அடங்கிவிடும்.

பாடு கற்றுத்தரும் பாடம்

இவ்வேரியின் மீனவருக்குப் "பாடு" என்ற பழைய முறை உண்டு. நல்ல மீன்பாடுள்ள இடத்தில் இன்று யார் வலை கட்டுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். கூச்சல் போட்டவருக்கெல்லாம் இடம் என்றால் அந்த முறை ஒரு வாரம்கூட நிலைக்காது.

வீட்டுக்கும் இதுவே பொருந்தும். நான்கு நாள் "இல்லை" என்று சொல்லி, ஐந்தாம் நாள் அழுகை தாங்காமல் வாங்கிக் கொடுத்தால், குழந்தை கற்பது என்ன? "இன்னும் கொஞ்சம் அழுதால் கிடைக்கும்" என்பதே. எப்போதும் கொடுப்பதைவிட, சில சமயம் மட்டும் பணிவது அடத்தை இன்னும் உறுதியாக்குகிறது.

ஏரிக்கரையில் இது உயிர்க் காரியம். அழுகைக்கு மாறிவிடும் "வேண்டாம்" என்ற சொல், குழந்தை தண்ணீரை நோக்கி ஓடும்போது அதை நிறுத்தாது. கைக்கெட்டும் தூரத்தில் பெரியவர் இருப்பதே முதற்காவல். மாறாத சொல் இரண்டாம் காவல்.

தாய்மார் செய்யத்தக்கவை

1. முன்னறிந்து தடுங்கள். பசியும் தூக்கமுமே பாதி அடத்துக்குக் காரணம். கடைக்குப் போகுமுன் குழந்தைக்குச் சாப்பாடு கொடுங்கள்.

2. சட்டங்கள் கொஞ்சமாக இருக்கட்டும். தண்ணீர், அடுப்பு, வண்டி ஓடும் சாலை இவற்றில் விட்டுக்கொடுக்க வேண்டாம். மற்றவற்றில் "சிவப்புச் சட்டையா, நீலச் சட்டையா?" என்று கேளுங்கள்; தானே தேர்ந்தெடுப்பதில் குழந்தைக்கு மகிழ்ச்சி.

3. அடம் தொடங்கினால் உங்கள் குரலைத் தாழ்த்துங்கள். ஆபத்தில்லாத இடத்துக்குத் தூக்கிச் சென்று அருகில் உட்காருங்கள். "உனக்குக் கோபம், அம்மாவுக்குத் தெரியும், ஆனால் இப்போது மிட்டாய் இல்லை" என்று ஒரே முறை சொன்னால் போதும்.

4. அடிக்காதீர்கள். கோபம் வந்தால் அடிக்கலாம் என்பதையே அடி கற்பிக்கிறது.

5. அழுகை ஓய்ந்ததும் அணைத்துக்கொள்ளுங்கள். மிட்டாயை மட்டும் அப்போதும் கொடுக்க வேண்டாம்.

6. அம்மா, அப்பா, ஆயா மூவரும் ஒரே சொல் சொல்லுங்கள். அம்மா மறுத்ததை, வலையிலிருந்து திரும்பும் அப்பா பாசத்தால் வாங்கிக் கொடுத்தால் அம்மாவின் உழைப்பு வீணாகும்.

முதல் சில நாட்கள் கூச்சல் கூடத்தான் செய்யும். முறை பலிக்கவில்லை என்று நினைத்து அப்போது விட்டுவிடாதீர்கள். அந்த நாட்களைக் கடந்தால் அடம் குறையத் தொடங்கும்.

அழுகையை நிறுத்தக் கைபேசியைக் கொடுப்பது இன்று குப்பங்களிலும் வழக்கமாகிவிட்டது. இதுவும் ஒருவகை மிட்டாயே. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-ல் அறிவுறுத்தியது.

இன்னொரு வேண்டுகோள்: "அழுதால் நர்ஸம்மா ஊசி போடுவார்" என்று பயமுறுத்தாதீர்கள். அந்தக் குழந்தைக்கு உண்மையாகவே நோய் வரும்போது, மருத்துவமனை வாசலிலேயே அது நடுங்கும்.

அழுது மூச்சு அடைத்தால்

சில குழந்தைகள் அழுகையின் உச்சத்தில் மூச்சை அடக்கி, உதடு நீலமாகி, சற்று நேரம் நினைவிழப்பதும் உண்டு. வலிப்பு என்று பயந்து சிலர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கிறார்கள். முகத்தில் தண்ணீர் அடிக்கிறார்கள். இவை வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், குலுக்காதீர்கள். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு திரும்பும். முதல் முறை வந்தவுடன் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் நீடித்தால் உடனே தூக்கி வாருங்கள்.

கைக்கு இரும்பு தேவையில்லை, இரத்தத்துக்குத் தேவைப்படலாம். இவ்விதம் மூச்சடைக்கும் குழந்தைகளில் பலருக்கு இரத்தசோகை இருக்கிறது. இரும்புச்சத்து மருந்து கொடுத்தால் பலருக்கு இது குறைகிறது. சோகையுள்ள குழந்தை சிடுசிடுப்பாகவும் இருக்கும், மண்ணும் தின்னும். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளில் இந்தியாவில் 67 சதவீதமும், தமிழ்நாட்டில் 57 சதவீதமும் இரத்தசோகை உள்ளவர்கள். இவ்வயதினருக்கு வாரம் இருமுறை 1 மி.லி. இரும்புச்சத்து டானிக் கொடுப்பது அரசுத் திட்டம். அங்கன்வாடியிலோ கிராம செவிலியரிடமோ கேளுங்கள். மீன், ஈரல், முருங்கைக்கீரை கொடுங்கள். தேநீரைத் தவிருங்கள், அது இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும்.

மருத்துவமனைக்கு எப்போது?

அடத்தில் குழந்தை தன்னையே காயப்படுத்தினால், பலமுறை கால் மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், நான்கு வயதுக்குப் பின்னும் குறையாமலிருந்தால், இரண்டு வயதாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாவிட்டால் அழைத்து வாருங்கள். காது சரியாகக் கேளாத குழந்தையையும் பிடிவாதக்காரன் என்று அடித்துவிடக்கூடும்.

தியானத்துக்கு

பிள்ளைகளைக் கோபமூட்டாமல் வளர்க்கும்படி எபேசு சபைக்குப் பவுல் அப்போஸ்தலன் எழுதினார். சீஷர்கள் அதட்டி விலக்கிய குழந்தைகளை ஆண்டவர் அணைத்துக்கொண்டார். அன்பும் உறுதியும் அவரில் ஒன்றாகவே இருந்தன. நம் வீடுகளிலும் அவை பிரியாதிருக்கட்டும்.

ஜெபக் குறிப்புகள்

• விடியுமுன் உழைக்கப் போகும் தாய்மாருக்குப் பொறுமை கிடைக்க.
• பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாமாரின் பெலனுக்காக.
• ஏரிக்கரையில் விளையாடும் சிறுபிள்ளைகளின் பாதுகாப்புக்காக.
• இரத்தசோகையுள்ள பிள்ளைகள் கண்டறியப்பட்டுச் சுகம் பெற.

இப்பாடத்தை வாசித்தபின் ஓர் இளம் தாய்க்குக் கொடுங்கள். அவளைக் குறைசொல்லாமல், அவள் குழந்தையைச் சற்று நேரம் நீங்கள் வைத்துக்கொள்வதும் ஓர் ஊழியமே.