நமீபியா வேட்டைக்கு எந்தத் தோட்டா?

கேள்வி: ஒன்ராறியோவில் மூஸ் வேட்டைக்குப் பல வருடங்களாக .30-06 ரைஃபிளைத்தான் கொண்டுபோகிறேன். வரும் ஜூனில் நமீபியாவில் குடூ, கெம்ஸ்பொக் வேட்டைக்குப் பணம் கட்டியிருக்கிறேன். "ஆப்பிரிக்க மிருகத்துக்கு அது போதாது, .300 மேக்னமோ .375-ஓ வாங்கு" என்கிறார்கள் நண்பர்கள். என்னால் ஒரு மிருகம் காயத்தோடு புதருக்குள் ஓடி வதைபடுமோ என்று பயமாக இருக்கிறது.
– ச.ம., ஸ்காபரோ, கனடா

பதில்: அன்புள்ள ச.ம., கவலையை விடுங்கள். புது ரைஃபிள் உங்களுக்குத் தேவையில்லை. நீங்கள் இதுவரை வீழ்த்திய மூஸ், குடூவையும் (முறுக்குக் கொம்பு மான்) கெம்ஸ்பொக்கையும் (நீண்ட நேர்க்கொம்பு மான்) விட உடலில் பெரியது.

நமீபியச் சட்டமே இதற்கு அளவுகோல் வைத்திருக்கிறது. குண்டின் முகவாய் ஆற்றல் (குழலைவிட்டு வெளியேறும்போது அதற்குள்ள தாக்கும் சக்தி) ஸ்பிரிங்பொக் போன்ற சிறு மானுக்கு 1350 ஜூல், குடூ, கெம்ஸ்பொக், ஈலண்ட் ஆகியவற்றுக்கு 2700 ஜூல், காட்டெருமைக்கும் யானைக்கும் 5400 ஜூல் இருக்க வேண்டும். உங்கள் .30-06, 180 கிரெய்ன் (சுமார் 11.7 கிராம்) குண்டோடு ஏறக்குறைய 3900 ஜூல் தரும். .375 எச் அண்ட் எச் தோட்டா 1912 முதல் பெயர் வாங்கியது காட்டெருமை போன்ற ஆபத்தான மிருகங்களிடம். நண்பர்கள் அந்தக் கணக்கை மானுக்குப் போடுகிறார்கள்.

மிருகம் காயத்தோடு ஓடுவதற்குப் பெரும்பாலும் காரணம் குண்டு விழுந்த இடம். வட அமெரிக்காவில் தோளுக்குச் சற்றுப் பின்னே குறிவைத்துப் பழகியவர்கள் ஆப்பிரிக்காவிலும் அப்படியே சுடுகிறார்கள். அங்குள்ள மான்களின் இதயமும் நுரையீரலும் இன்னும் முன்னால், தாழ்வாக, இரு தோள்களுக்கு நடுவே இருக்கின்றன. அதே பழக்கத்தில் சுட்டால் குண்டு வயிற்றுப் பக்கம் போய்விடும். நீங்கள் அஞ்சுவது நடப்பது அப்போதுதான். மிருகம் பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் நேர்மேலே, உடலின் கீழ் மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறிவையுங்கள். கிளம்பும் முன் படங்களைப் பார்த்து இதை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இந்தப் பதிலில் இதைவிட முக்கியமானது வேறில்லை.

இன்னொரு காரணம் பின்னுதைப்பு (சுடும்போது தோளில் விழும் அடி). .375-இல் அது உங்கள் ரைஃபிளைப்போல ஏறக்குறைய இரு மடங்கு; .300 வின்செஸ்டர் மேக்னத்திலும் கணிசமாக அதிகம். அடிக்குப் பயந்த விரல் விசையை வெடுக்கென்று இழுத்துவிடும், குறி தப்பும். பழகிய ரைஃபிளை விட்டுப் பயணத்துக்கு முன் புதியதை வாங்குவது எனக்குச் சரியாகவே படவில்லை.

செலவு செய்வதானால் நல்ல குண்டில் செய்யுங்கள். ஈயமும் செம்பு உறையும் பிரியாமல் பிணைத்த குண்டு, அல்லது முழுச் செம்புக் குண்டு, எலும்பில் பட்டாலும் சிதறாமல் ஊடுருவும். அதே குண்டோடு இப்போதிருந்தே பயிற்சி எடுங்கள். மேசையில் சாய்த்துச் சுடுவது போதாது. நமீபியப் புதர்க்காட்டில் முக்காலித் தாங்கியில் ரைஃபிளை வைத்து, நின்றுகொண்டுதான் பெரும்பாலும் சுட வேண்டியிருக்கும். 100, 150 மீட்டரில் அப்படிச் சுட்டுப் பழகுங்கள்.

விமானத்தில் தோட்டா அதிகபட்சம் 5 கிலோ, பதிவுப் பெட்டியில் மட்டும். 100 தோட்டாக்கள் 3 கிலோவைத் தாண்டாது. ரைஃபிள் பெட்டியிலேயே வைக்கலாமா, தனியாகவா என்பது விமான நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இடையில் இறங்கும் நாடு தனி அனுமதி கேட்கிறதா என்பதையும் விசாரியுங்கள். கனடாவிலிருந்து கிளம்பும் முன் ரைஃபிளின் தொடர் எண்ணைச் சுங்கத்தில் பதிந்துகொண்டால் திரும்பும்போது தொல்லையில்லை. தோட்டாப் பெட்டி வழியில் தொலைந்தாலும் கலங்க வேண்டாம். 1906 முதல் புழக்கத்தில் உள்ள .30-06 விண்ட்ஹூக் கடைகளில் கிடைக்கும். அண்மையில் வந்த நாகரிகத் தோட்டாக்களுக்கு அந்த வசதி இல்லை. ரைஃபிளே இல்லாத ஒருவர் கேட்டிருந்தால், இதே காரணத்துக்காக .308-ஐயும் சொல்லியிருப்பேன்.

போய்ச் சேர்ந்ததும் பண்ணையில் குறியைச் சரிபாருங்கள். எத்தனை மீட்டர் வரை உறுதியாகச் சுடுவீர்கள் என்பதை வழிகாட்டியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அதற்கு அப்பால் எவ்வளவு அழகான குடூ நின்றாலும், அவரே "சுடுங்கள்" என்றாலும், சுடாதீர்கள்.