போர்க்களமும் ஆட்டப்பலகையும்

விளையாட்டிற்கும் போருக்கும் உள்ள உறவு மிகப் பழையது. சதுரங்கம் என்னும் சொல்லே யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நாற்படை உறுப்புக்களைக் குறிப்பதாம். நம் ஊர்த் திண்ணைகளிற் கீறப்பட்டுள்ள ஆடுபுலி ஆட்டமும் ஒரு போரே. அதன்கண் 3 புலிகளைப் பெரும்பாலும் 15 ஆடுகள் வளைத்து மடக்குகின்றன. வலியிற் குறைந்தோர் கூடி நின்று வலியோரை அடக்கும் முறையைச் சிறாரும் அதனாற் கற்கின்றனர்.

சதுரங்கம் பாரசீகம், அரபுநாடு வழியாக ஐரோப்பாவை அடைந்தது. 1812ஆம் ஆண்டில் பிரஷ்ய நாட்டு ரைஸ்விட்ஸ் என்பார் படைத்தலைவர்களின் பயிற்சிக்கென ஒரு போராட்டத்தை வகுத்துத் தம் அரசனுக்குக் காட்டினார். அவர் மைந்தர் அதனைத் திருத்தி 1824இல் வெளியிட்டார். நிலப்படத்தின்மேற் படைகளை நகர்த்த, நடுவர் ஒருவர் விளைவை உரைப்பது அதன் முறை. 1971இல் ஐரோப்பிய இடைக்காலப் போர்முறையைத் தழுவி அமெரிக்காவில் ‘செயின்மெயில்’ என்னும் ஆட்டவிதிநூல் தோன்றிற்று. அதன் வழியே 1974இல் கைகாக்ஸ், ஆர்னிசன் என்னும் இருவர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தை இயற்றினர்.

இவ்வாட்டத்தின் புதுமை யாது? முன்னைய ஆட்டங்களில் ஒருவன் ஒரு படை முழுவதையும் நடத்தினான். இதிலோ ஒவ்வொருவனும் ஒரே ஒரு மனிதனின் பாத்திரத்தை ஏற்கின்றான், அவனாகவே பேசுகின்றான், அவனாகவே அஞ்சுகின்றான், துணிகின்றான். நடுவர் களத்தை விரித்துரைக்கப் பல முகமுள்ள பகடைகள் விளைவைத் தீர்க்கின்றன. சதுரங்கத்தில் வெட்டுண்ட காலாளைப் பெட்டியில் இட்டு மறந்துவிடுகின்றோம். பாத்திரமேற்று ஆடுவோன் அக்காலாளின் பசியையும் கூலியையும் எண்ணியே தீரவேண்டும். ஆதலின் இவ்வகை ஆட்டத்திற்குச் சரித்திர அறிவு அணிகலன் அன்று, அடிப்படையே ஆகும்.

இத்தகைய ஆட்டங்களை இன்று நம் நாட்டு இளைஞரும் ஆடுகின்றனர். எனினும் அவர்தம் கற்பனை பெரும்பாலும் பனி மூடிய கோட்டைகளையும் இரும்புக் கவசம் பூண்ட ஐரோப்பிய வீரரையுமே சுற்றி வருகின்றது. பொருநைக் கரையில் இதற்குரிய பொருள் இல்லையோ எனின், நிரம்ப உண்டு.

முதலில் ஆதிச்சநல்லூரைக் காண்போம். தாமிரபரணியின் தென்கரையிலுள்ள அவ்வூர்த் தாழிக்காட்டை 1876இல் ஜெர்மானியரான ஜாகர் அகழ்ந்தார். பின்னர் அலெக்ஸாண்டர் ரீ என்பார் 1899 முதல் 1905 வரை அங்கு ஆராய்ந்து, இரும்பு வாள்களையும் ஈட்டிகளையும் பொன் நெற்றிப்பட்டங்களையும் வெளிப்படுத்தினார். 2004இலும் 2021இலும் தொல்லியல் துறையினர் மீண்டும் அகழ்வு நடத்தினர். ஆயினும் மாணாக்கர் ஈண்டு ஒன்றை உளங்கொள்ளல் வேண்டும். அவ்வாள்கள் இரும்புக் காலத்தன. இடைக்காலப் பாண்டியருக்கு ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் முற்பட்டவை. இரண்டும் ஓராற்றங்கரையின என்பது கொண்டு ஒரு காலத்தின் வாளை மற்றொரு காலத்து வீரன் கையிற் கொடுத்தல் தகாது. தாழியில் வைத்த வாள் போருக்குச் சென்றதா, இறந்தோன் பெருமைக்கென வைக்கப்பட்டதா என்பதும் தனி ஆராய்ச்சிக்குரியது.

இடைக்காலப் போரை அறிய விரும்புவோர் ஆற்றைத் தொடர்ந்து கடல்முகம்வரை செல்லல் வேண்டும். மார்க்கோ போலோ குறித்த காயல் துறைமுகம் பழையகாயலே எனக் கால்டுவெல் ஐயர் துணிந்தார். மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆண்ட காலத்தில் (1268–1310) ஓர்மூஸ், ஏடன் முதலிய துறைகளினின்றும் மரக்கலங்கள் குதிரைகளை ஏற்றி அங்கு வந்தன. அரசன் ஆண்டுதோறும் 2,000 குதிரைக்கு மேல் வாங்கினான் என்றும், அவன் உடன்பிறந்தாரும் அவ்வாறே வாங்கினர் என்றும், ஆண்டு முடிவில் 100 குதிரைகூட எஞ்சுவதில்லை என்றும் போலோ எழுதினார். மாமிசம் கலந்து சமைத்த சோறு அவற்றிற்கு உணவாயிற்றாம். குதிரை மருத்துவர் இந்நாட்டிற்கு வாராதபடி வணிகரே தடுத்தனராம். குதிரை சாகச் சாக அவர்க்கு விற்பனை பெருகுமன்றோ? பாரசீக ஆசிரியர் வஸ்ஸாப் ஒரு குதிரையின் விலை 220 பொன் தீனார் என்றார். பயணிகள் கூறும் எண்களை அப்படியே கொள்ளலாகாது. எனினும் பாண்டியரின் குதிரைப்படை கடல்வாணிகத்தைச் சார்ந்து நின்றது என்பதில் ஐயமில்லை.

சதுரங்கப் பலகையிற் குதிரை விலையின்றி வந்து நிற்கின்றது; அதற்குத் தீனி வேண்டா, நோயும் இல்லை. மெய்யான போரிலோ அக்குதிரையின் பின்னே பலர் நிற்கின்றனர். போலோ கூறுமாறு, முத்துக்குளிப்பிற் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், சுறாக்களை மந்திரத்தாற் கட்டுவோர்க்கு இருபதில் ஒரு பங்கும் சென்றன. மூச்சடக்கிக் கடலில் மூழ்கினவன் ஈட்டிய பொருளிலும் ஒரு பகுதி அரசனின் கருவூலத்தை அடைந்தது. இது வாளேந்தாத ஒருவன் போருக்குச் செலுத்திய வரி.

இக்களத்தில் ஓர் ஆட்டம் வகுப்போமாயின், ஒருவன் குதிரை வணிகனாகவும், ஒருவன் முத்துக்குளிப்போனாகவும், ஒருவன் குதிரைச் சேவகனாகவும், ஒருவன் படைத்தலைவனாகவும் அமரலாம். 1310இல் குலசேகரன் இறந்தபின் சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரசுரிமைக்காகப் பொருதனர். 1311இல் மாலிக் காபூரின் படை மதுரைவரை வந்தது. இவ்விரண்டு ஆண்டுகளில் அந்நால்வரும் யாது செய்வர்? வணிகன் எவ்விளவலுக்குக் கடன் கொடுப்பான்? பாதிக் குதிரை மாண்டபின் படைத்தலைவன் களம் புகுவானோ, காலம் தாழ்ப்பானோ? முத்துக்குளிப்போன் எவ்வரசன் ஆளுக்குத் தன் பங்கை அளப்பான்? இவ்வினாக்களுக்கு விடை தேடுவோன், தேர்வுக்கென ஆண்டுகளை நெட்டுருப் போடுவோனினும் சரித்திரத்தை நன்கு அறிவான்.

ஆகவே மாணாக்கர் போராட்டங்களை வீண்பொழுதெனத் தள்ளவும் வேண்டா. வெற்றிக் களிப்பொன்றையே அவற்றில் நாடவும் வேண்டா. எடுத்துக்கொண்ட காலத்தை வேறொரு காலத்தோடு கலவாமை, படைக்கலத்தோடு அதன் விலையையும் ஆராய்தல், அரசனோடு அவன் குதிரைக்குப் புல் அறுத்தோனையும் பலகையில் அமர்த்துதல் என்னும் மூன்றையும் கைக்கொள்க. அங்ஙனம் அமைந்த ஆட்டத்தில் தோற்றவனும் சிறிது அறிவு பெற்றே எழுவான்.